சிலுவை மண்ணுல நிக்கணும்

உயிரோடு இருக்கும் ஒரு மனிதரிடம் அவருடைய கல்லறைச் சிலுவையை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் அதிகம் பேர் இருக்க முடியாது. நான் கொடுத்திருக்கிறேன். அதிலும் அவர் பெயரை எழுத்துப்பிழையோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இத்தனைக்கும் நான் செய்யப் போன வேலை ஒரு காரை ரிப்பேர் பார்ப்பது.

அறுபதுகளின் கடைசி அது. சேலத்தில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். அப்பா சாமல்பட்டியில் ரயில்வே கேட் கீப்பர். ரயில் வருவதற்கு வெகுநேரம் முன்பே கேட்டை மூடிவிட்டு, காத்து நிற்கும் மாட்டுவண்டிக்காரர்களிடம் "எம் மவன் லூர்துசாமி இன்ஜினியர் ஆயிட்டான்" என்று ஆரம்பித்துவிடுவார். கேட் திறக்கிறவரை அவர்களும் வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஆறு மாதத்தில் அந்தச் சாலையில் போகிற மாடுகளுக்குக்கூட என் மார்க் தெரிந்திருக்கும். வேலை மட்டும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் ஓசூரில் கிருஷ்ணப்பா என்பவர் புதிதாக ஸ்பிரிங் கம்பெனி தொடங்குகிறார், சூப்பர்வைசர் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். தொழிற்பேட்டை எல்லாம் பின்னால் வந்தவை. அன்றைக்குக் கம்பெனி என்பது பெங்களூர் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை, இரண்டு மெஷின், ஒரு பெயர்ப்பலகை.

"கார் வேலை தெரியுமா?" என்று கேட்டார்.

"எல்லாக் காரும் தெரியும் சார்" என்றேன். (அதுவரை நான் காரில் ஏறியது ஒரே ஒரு தடவை, சித்தப்பா கல்யாணத்தில். அதுவும் மடியில் இரண்டு குழந்தைகளோடு, ஜன்னலே தெரியாத இடத்தில்.)

"நல்லதாப் போச்சு. எங்க அக்கா கார் பத்து நாளா மிஸ்ஸிங்."

நான் பதறிப்போய், "போலீஸ்ல சொன்னீங்களா சார்?" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று எடுத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். நாலு சிலிண்டரும் முறை வைத்து வெடிக்க வேண்டிய இன்ஜினில் ஒன்று பொறி விழாமல் முறை தவறினால் வண்டி நொண்டும், அதற்குத்தான் மிஸ்ஸிங் என்று பெயர் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் பரீட்சையில் யாரும் அதை இப்படித் திடீரென்று வாயால் கேட்டதில்லை.

"அதைச் சரி பண்ணிட்டுத் திங்கக்கிழமை வந்து சேரு" என்றார் கிருஷ்ணப்பா. ஆக, வேலையும், அப்பாவின் மானமும், சாமல்பட்டி கேட்டில் நிற்கும் வண்டிக்காரர்களின் நிம்மதியும் அந்தக் காரின் இன்ஜினுக்குள் போய் மாட்டிக்கொண்டன.

அக்கா என்பவர் டாக்டர் கமலம்மா. ஐம்பது வயது. வீட்டில் தெலுங்கு, நோயாளிகளிடம் தமிழ், காய்கறிக்காரரிடம் கன்னடம், கோபம் வந்தால் மூன்றும். அவருடைய கார் இங்கிலீஷ்காரன் செய்தது. சிவப்பு நிறம், கூரை கிடையாது, இரண்டே சீட்டு, நாய் படுத்திருக்கிற உயரம். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, தன் மனைவிக்குப் பிரசவம் பார்த்த நன்றிக்கு விட்டுப்போனதாம். (கம்பெனிப் பெயரைச் சொல்லமாட்டேன். தப்பு முழுக்க என்னுடையது. அவர்களை எதற்கு இழுக்க வேண்டும்?) காருக்கு டிரைவர் ஒருவர் இருந்தார். சின்னப்பன் என்று பெயர். டிரைவர் என்றாலும் ஓட்டுவதெல்லாம் டாக்டரம்மாதான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து செபமாலை சொல்வதும், வந்து சேர்ந்த பிறகு வண்டியை ரிப்பேர் பார்ப்பதும் சின்னப்பனின் வேலை. அந்தச் சமயம் அவருக்கு மஞ்சள்காமாலை. டாக்டரம்மாவின் மாத்திரைக்குப் பயந்து, சொந்த ஊரான உத்தனப்பள்ளிக்குப் போய்க் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் ஆஸ்பத்திரி வாசலில் வைத்து நோயறிதலைத் தொடங்கினேன். பானெட்டைத் திறக்கும் கொக்கி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆனது. எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போது பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். கையில் எதைச் சுற்றிக்கொண்டு பிடுங்க வேண்டும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்திருக்கிறது. முதல் வயரைத் தொட்டதும் நான் போட்ட சத்தத்தில் உள்ளே ஊசிக்குக் காத்திருந்த குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தன.

டாக்டரம்மா ஜன்னலில் தலையை நீட்டி, "ஏமி பாபு, பேஷன்ட் நீயா, காரா?" என்று கேட்டார்.

அன்று மாலைக்குள் பிளக்கைத் துடைத்தேன், பாயிண்டைத் தேய்த்தேன், கார்புரேட்டரை அவிழ்த்து மாட்டினேன். மாட்டிய பிறகு ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்த்ததில் பேட்டரி படுத்துவிட்டது. அதைக் கழற்றக் குனிந்தபோதுதான் அந்த அக்கிரமத்தைப் பார்த்தேன். பேட்டரியின் மைனஸை அல்லவா வண்டியின் பாடியோடு சேர்க்க வேண்டும்? இங்கே ப்ளஸ்ஸைச் சேர்த்து வைத்திருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "அம்மா, கண்டுபிடிச்சிட்டேன்! உங்க டிரைவர் பேட்டரியத் தலைகீழா மாட்டி வெச்சிருக்காரு. மிஸ்ஸிங் வராம என்ன செய்யும்?"

"அஞ்சு வருஷமா அப்படித்தானே ஓடுது?"

"அஞ்சு வருஷமாத் தப்பா ஓடுதும்மா" என்றேன் நான். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

பேட்டரி கடைவீதிக்குச் சார்ஜ் ஏற்றப் போனது. டாக்டரம்மா தன் பங்குக்கு, உத்தனப்பள்ளி வழியாகப் போகிற ராயக்கோட்டை பஸ் கண்டக்டரிடம் சின்னப்பனுக்குச் செய்தி சொல்லி அனுப்பினார். காருக்குப் புது இன்ஜினியர் வந்திருக்கிறார், பேட்டரியைக் கழற்றிவிட்டார், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக்குத் தந்தி ஆபீசே கண்டக்டர்கள்தான். முருங்கைக்காய், மாத்திரை, கோபம், சமாதானம் எல்லாம் அவர்கள் வழியாகத்தான் போகும், வரும்.

சனிக்கிழமை காலை பேட்டரி வந்தது. நான் விஞ்ஞான முறைப்படி மைனஸைப் பாடியில் சேர்க்கப் போனேன். வயர் நுனிகளில் இருந்த கிளாம்ப்கள் உட்காரவில்லை. ஒன்று பேட்டரி முனைக்கு விரிவாகவும் இன்னொன்று குறுகலாகவும் இருந்தது. மாற்றி மாட்டாதே என்று அந்தக் கார் தன்னால் முடிந்தவரை சொல்லிப் பார்த்திருக்கிறது. நான் சுத்தியலை எடுத்து ஒன்றைத் தட்டி விரித்தேன், இன்னொன்றைத் தட்டி ஒடுக்கினேன், மாட்டிவிட்டேன். ஸ்டார்ட் ஆனது. முன்பு ஒரு சிலிண்டர்தான் நொண்டியது. இப்போது எந்த சிலிண்டர் எப்போது வெடிக்கும் என்று அவற்றுக்கே தெரியாத நிலை.

அந்த நேரத்தில் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் தளிப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம். படியில் தொங்கியபடியே கத்தினார்:

"சின்னப்பா ஹேளவ்ரே! சிலுவெ மண்ணல்லி நிந்திர்பேக்கந்தெ! சிலுவ மண்ணுல நிக்கணுமாம். மறந்துடக் கூடாதாம். ரெண்டு வாட்டி சொன்னாரு!"

எங்கள் சாமல்பட்டி மாதா கோயில் வட்டாரத்தில் பெரிய நோயில் படுத்தவர்கள் கடைசியாகச் சொல்வது இதைத்தான். 'எஞ் சிலுவை நம்ம மண்ணுல நிக்கணும்' என்பார்கள். அதைச் சொல்லிவிட்டார்கள் என்றால் வீட்டில் பங்குச் சாமியாருக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள்.

"எப்படி இருக்காரு?" என்று கேட்டேன்.

"மஞ்சளோ மஞ்சளா இருக்காரு."

"சாப்பிடறாரா?"

"உப்பில்லாத கஞ்சி. அதுவும் பாதி" என்று சொல்லிவிட்டு விசில் ஊதிப் போய்விட்டார்.

உள்ளே ஓடி டாக்டரம்மாவிடம் கடைசி ஆசையைச் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்டெதாஸ்கோப் கீழே விழுந்தது. "அய்யோ ராமா! நாட்டு மருந்து வேண்டாம்னு தலையில அடிச்சுக்கிட்டேனே! கார் ரெடியா?"

"ரெடிம்மா" என்றேன்.

"அஞ்சு நிமிஷம். மருந்துப் பை எடுத்துட்டு வரேன்."

அந்த ஐந்து நிமிஷத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். முகம் பார்த்திராத மனிதர் என்றாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் மாட்டிய பேட்டரியைக் குறை சொன்னோமே, கடைசி ஆசையையாவது நிறைவேற்றுவோம் என்று கண்ணீர் வந்துவிட்டது. மருந்து வந்த மரப்பெட்டி ஒன்று மூலையில் கிடந்தது. இரண்டு பலகையைப் பிரித்து, அளவு பார்த்து, ஆணி அடித்துச் சிலுவை செய்தேன். புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்தில் பஞ்சைத் தோய்த்து அவர் பெயரையும் எழுதினேன். எழுதியதைத் திரும்பப் படிக்க நேரமில்லை. பலகையின் பின்பக்கம் 'கவனம், உடையும் பொருள்' என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்ததை அப்போது பார்க்கவில்லை.

இரண்டு சீட்டு காரில் சிலுவையைப் படுக்க வைக்க இடமில்லை. முழங்கால்களுக்கு நடுவே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா ஓட்ட, ஓசூர் கடைவீதி வழியாக, திருவிழாத் தேர் மாதிரி புறப்பட்டோம். எரியாத பெட்ரோல் எல்லாம் சைலன்ஸருக்குள் போய்ச் சேர்ந்து பத்தடிக்கு ஒரு தரம் டமார் என்று வெடித்தது. அதனால் வெடியும் திருவிழாவுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

"ஏமி சத்தம் இது?"

"உள்ள இருந்த கார்பன் வெளிய போகுதும்மா."

"ஏதோ கருகின வாசனை?"

"அதுவும் கார்பன்தாம்மா."

ஊரைத் தாண்டியதும் வழியில் ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு நின்றார். களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நெஞ்சில் கை வைத்தார்கள். டாஷ்போர்டில் ஒரு முள் ஓரமாய்ப் போய் ஒட்டிக்கொண்டு திரும்ப மறுத்தது. ஒரு மேட்டில் எங்கள் கார் ஏற மாட்டாமல் உறுமிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த சைக்கிள்காரர் ஒருவர் எங்களுக்குச் சமமாக வந்து, சிலுவையைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் "யாருங்க?" என்றார்.

"உத்தனப்பள்ளி டிரைவர் சின்னப்பன்" என்றேன்.

"அய்யய்யோ, எங்கூருக்காரருங்க!" என்று சொல்லிவிட்டு, அவர் எங்களை முந்திக்கொண்டு போனார். (ஸ்போர்ட்ஸ் காரைச் சைக்கிள் முந்தியது இந்திய வரலாற்றிலேயே அன்றைக்குத்தான் இருக்கும்.)

நாங்கள் உத்தனப்பள்ளி போய்ச் சேர்ந்தபோது ஒப்பாரி தெருமுனைவரை கேட்டது. டாக்டரம்மா ஸ்டியரிங்கிலேயே தலையைக் கவிழ்த்து, "லேட் ஆயிடுச்சு பாபு" என்று அழ ஆரம்பித்தார். நானும் அழுதேன். கார் கடைசியாக ஒரு பெரிய டமாரோடு ஒரு வீட்டு வாசலில் உயிரை விட்டது. கூட்டம் விலகியது. நடுவில், பனியனும் துண்டுமாக, மஞ்சள் கண்களோடு ஒருவர் நின்று, "ஏன் எல்லாரும் அழுவுறீங்க? யாரு செத்தாங்கன்னு சொல்லித் தொலைங்களேன்!" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா நிமிர்ந்து, "சின்னப்பா!" என்று அலறினார்.

அவர் எங்களைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, சிலுவையைப் பார்க்கவில்லை. பானெட் இடுக்கில் புகை வருவதைத்தான் பார்த்தார். பாய்ந்து வந்து திறந்து, துண்டைக் கையில் சுற்றிப் பேட்டரி வயரைப் பிடுங்கி எறிந்தார். அப்புறம் உள்ளே பார்த்துவிட்டு, வாழ்க்கையே வெறுத்துப்போன குரலில் கத்தினார்.

"சிலுவை மண்ணுல நிக்கணும்னு சொல்லி அனுப்பிச்சனே!"

"கொண்டு வந்திருக்கேங்கண்ணா" என்று நான் சிலுவையை இரண்டு கையாலும் நீட்டினேன்.

சின்னப்பன் சிலுவையை வாங்கினார், மேலும் கீழும் பார்த்தார், பக்கத்தில் நின்ற மனைவி ஆரோக்கியத்திடம் கொடுத்தார். அந்தம்மா அதை வாங்கிய வாங்கில், என் தலையில்தான் இறங்கும் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இங்க வாங்க இன்ஜினியர் தம்பி" என்றார் சின்னப்பன். பேட்டரியின் தலையில் ப்ளஸ் குறி புடைப்பாக இருந்த இடத்தில் விரலை வைத்தார். "இது என்ன?"

"கூட்டல் குறி…"

"எனக்குப் பள்ளிக்கூடம் பத்தலீங்க. எனக்கு இது சிலுவை. பாடில மாட்டுறத என்னன்னு சொல்லுவீங்க?"

"எர்த்து."

"எர்த்துன்னா?"

"மண்ணு" என்றேன்.

"அவ்ளோதாங்க. மத்த வண்டிக்கெல்லாம் கோடு மண்ணுல. இந்த இங்கிலீஷ்காரன் வண்டிக்குச் சிலுவை மண்ணுல. அவன் அப்படித்தான் பண்ணி வெச்சிருக்கான். நானும் ஏசு சிலுவை நின்ன கல்வாரி மலைய நெனச்சு ஞாபகம் வெச்சுக்கிட்டிருக்கேன்."

டாக்டரம்மாவுக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார். ஒப்பாரி வைக்க வந்தவர்களும் வந்ததற்குச் சிரித்துவிட்டுப் போவோம் என்று சேர்ந்துகொண்டார்கள். ஆரோக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. சிலுவையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"சி… ன்… ன… ப… ன். ஏங்க, சின்னபன்னு போட்டிருக்கு. ஒரு 'ப்' காணோம்."

சின்னப்பன் எட்டிப் பார்த்தார். "சரிதான். காரும் மிஸ்ஸிங், எம் பேரும் மிஸ்ஸிங்" என்றார்.

உண்மையான மிஸ்ஸிங்கைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் தேவைப்பட்டது. "எப்பம்மா நொண்டுது?"

"காலையில, பனி இருக்கிறப்ப. பத்து மணிக்கு மேல நல்லாத்தான் போகும்."

மூன்று நாளாக நான் அந்தக் காரைக் கேட்காத கேள்வி இல்லை. டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சின்னப்பன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி வெயிலில் காட்டினார். உள்ளே தலைமயிர் பருமனுக்கு ஒரு கறுப்புக் கோடு. பனி ஈரம் பட்டதும் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்தக் கோட்டு வழியாகக் குறுக்கே ஓடிவிடுகிறது. ஆரோக்கியத்தின் சேலையிலிருந்து ஊக்கை வாங்கிக் கோட்டைச் சுரண்டி எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து மூடினார். பேட்டரியை மாற்றி மாட்டினார். என் புண்ணியத்தில் சார்ஜ் ஏற்றுகிற பெட்டி கருகியிருந்ததால் அதன் வயரை அவிழ்த்துக் கட்டிவைத்து, பேட்டரியில் இருக்கிற சார்ஜிலேயே பகலுக்குள் ஓசூர் போய்விடலாம் என்றார். ஸ்டார்ட் செய்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நாலும் வரிசை தவறாமல், கோயிலில் செபமாலைக்குப் பதில் சொல்கிற மாதிரி, ஒரே சீராக.

டாக்டரம்மா சின்னப்பனையே பக்கத்து சீட்டில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனார். அவர் செபமாலையை எடுத்ததை நான் பார்த்தேன். எனக்கு இடமில்லை, பஸ்ஸில் வந்தேன். அதே கண்டக்டர். "சின்னப்பா ஹேகவ்ரே?" என்று விசாரித்தார். "சன்னாகவ்ரே" என்றேன், எனக்குத் தெரிந்த கன்னடத்தில். நல்லா இருக்கார். என் வேலைதான் செத்துப்போயிருந்தது. திங்கட்கிழமை கேட்டில் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்ற யோசனையில் டிக்கெட் வாங்க மறந்து, அதற்கும் திட்டு வாங்கினேன்.

திங்கட்கிழமை கிருஷ்ணப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஊருக்குப் போகலாம் என்று டிரங்குப் பெட்டியோடு போனேன்.

"அக்கா எல்லாம் சொன்னாங்க" என்றார். சிரித்துச் சிரித்துக் கண் சிவந்திருந்தது. "அந்தச் சிலுவைய அஞ்சு நிமிஷத்திலயா அடிச்ச?"

"ஆமாங்க சார்."

"பதினஞ்சு மைல் அந்தக் குலுக்குக் குலுக்கியும் ஒரு ஆணி அசையலயாமே. இங்க நான் அனுப்புற பெட்டி மெட்ராஸ் போறதுக்குள்ள பிரிஞ்சு ஸ்பிரிங் எல்லாம் ரயில்ல உருளுது. இன்ஜின் பக்கம் போகாத. பேக்கிங் பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டேன். ரிட்டையர் ஆகிறவரை அங்கேயே பார்த்துக்கொண்டேன். ஓசூர் எப்படியெல்லாமோ வளர்ந்தது, கொட்டகை பெரிய ஃபாக்டரி ஆனது. என் பெட்டி எதுவும் வழியில் பிரிந்ததாகப் புகார் வந்ததில்லை. அப்பா கடைசிவரை "எம் மவன் பேக்கிங் இன்ஜினியர்" என்றுதான் வண்டிக்காரர்களிடம் சொன்னார். அப்படி ஒரு இன்ஜினியர் உண்டா என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. மூடிய கேட்டின் சாவி அவரிடம் அல்லவா இருந்தது?

எங்கள் வீட்டில் எதில் குறை இருந்தாலும் இன்றைக்கும் "ப் மிஸ்ஸிங்" என்றுதான் பேச்சு. ரசத்தில் உப்பு இல்லையென்றால் ப் மிஸ்ஸிங். மகளின் மார்க் ஷீட்டில் ப் மிஸ்ஸிங். நான் டார்ச்சுக்குச் செல் போட உட்கார்ந்தால் மனைவி, மகள், பேரன் மூவரும் சுற்றி நின்று "சிலுவை எந்தப் பக்கம்னு பாத்தீங்களா?" என்று ஒரே குரலில் கேட்பார்கள். எனக்கும் கோபம் வருவதில்லை. அந்தக் கேள்வியால்தான் நாங்கள் சாப்பிட்டோம்.

சின்னப்பன் டாக்டரம்மா மாத்திரையில் பிழைத்து, எண்பத்தைந்தைத் தாண்டி இருந்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நான் கேக் கொண்டுபோவேன். அந்தச் சிலுவையை வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்து, இரண்டு பக்கமும் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். ஊதா மருந்து வெளுத்துப்போனபோது அவரே பெயிண்ட் வாங்கி அதன் மேல் எழுதியிருந்தார், ஒரு எழுத்தும் கூட்டாமல். "இஞ்சினியரு எழுதுனத நான் திருத்தலாங்களா?" என்பார்.

சில வருஷங்களுக்கு முன் அவருடைய மகன் போன் செய்தான். அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்றான். அப்புறம் தயங்கி, "உங்ககிட்டச் சொல்லச் சொல்லிட்டுப் போயிருக்காருங்க. சிலுவை மண்ணுல நிக்கணுமாம்."

"இந்தத் தடவ பேட்டரி இல்லையே?" என்று கேட்டேன். அழுதுகொண்டிருந்தவன் சிரித்துவிட்டான்.

போனேன். சட்டைகளை எடுத்துவிட்டுச் சிலுவையை வெளியே கொண்டுவந்திருந்தார்கள். பின்பக்கம் 'உடையும் பொருள்' என்ற எழுத்து மங்கலாகத் தெரிந்தது. ஒரு ஆணிகூட ஆடவில்லை. நான் கையோடு கொண்டுபோயிருந்த சின்ன பிரஷ்ஷை எடுத்து, ன-வுக்கும் ப-வுக்கும் நடுவே இருந்த இடுக்கில் ஒரு 'ப்' போட்டேன். கல்லறைத் தோட்டத்தில் அதை நட்டு, சுற்றி மண்ணை மிதித்து இறுக்கினேன்.

பேத்தியின் கையைப் பிடித்தபடி ஆரோக்கியம் கிட்டே வந்து, கண்ணை இடுக்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார். முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒத்த எழுத்துப் போட அம்பது வருஷமா, இன்ஜினியர் தம்பி?"